பியூஸ் எங்கே?

சென்ற பொங்கலன்று மாலை, தில்லி ரிங் ரோடில் ஒரு பழைய காரில் நாங்கள் ஐவர் வந்துகொண்டிருந்தோம். ஐவரும் நம் சங்கத்தார். கார் ஓர் ஆராய்ச்சி மாணவருடையது. அவர் நெல்லைச் சீமைக்காரர். வளாகத்துத் தமிழர் அனைவருக்கும் அவர் "அண்ணாச்சி". ஆகவே இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன். ராமகிருஷ்ணபுரத்தில் உறவினர் வீடு ஒன்றில் விருந்துண்டு, விடுதியில் தங்கிவிட்ட நண்பர்களுக்கென ஒரு பானைச் சர்க்கரைப் பொங்கலும் பெற்றுக்கொண்டு திரும்பினோம். பானையை டிக்கியில் வைக்க இடமில்லை. இரண்டு 12 அங்குலச் சப்வூபர்கள் பொருத்திய மரப்பெட்டி டிக்கி முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது. ஆதலால் பானை என் மடியில் வீற்றிருந்தது.

பாட்டு முழங்கிற்று. கண்ணாடிகள் அதிர்ந்தன. திடீரென ஒரு கருகல் வாடை.

"என்னடே, பொங்கல் அடிப்பிடிச்சிருக்கு போல?" என்றார் அண்ணாச்சி.

மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். ஏலமும் நெய்யும் மணந்தன; கருகல் இல்லை. மூடியை மீண்டும் வைப்பதற்குள் டாஷ்போர்டின் அடியிலிருந்து புகை சுருள் சுருளாக எழுந்தது. அண்ணாச்சி வண்டியை ஓரங்கட்டி, சாவியைத் திருகி எஞ்சினை நிறுத்தினார். பாட்டு நின்றது. புகை நிற்கவில்லை.

இறங்கி ஓடினோம், ஓடிய பின் என்ன செய்வதென்று அறியாமல் நின்றோம். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஒருவர் நிறுத்தினார். பானட்டைத் திறக்கச் சொன்னார். தம் ஆட்டோவிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து வந்து, பாட்டரியின் நேர்முனையிலிருந்து புறப்பட்ட தடித்த சிவப்பு வயரை ஒரே கடியில் துண்டித்தார். புகை அடங்கியது. அவர் போய்விடவில்லை. வெட்டுண்ட வயரைக் கையில் பிடித்து, அதன் வழியே எதையோ தேடினார். பிறகு எங்களைப் பார்த்து இந்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பியூஸ் எங்கே?"

எங்கள் ஐவரில் ஒருவர் மின்பொறியியல் பயில்பவர். நான் இயற்பியல் முதுகலை. அண்ணாச்சி வேதியியலில் ஆராய்ச்சி செய்பவர். எஞ்சிய இருவர் வரலாறும் பொருளாதாரமும் பயில்வோர், அவர்களை மன்னித்துவிடலாம். மற்ற மூவரும் சேர்ந்து பல ஆண்டுகள் விஞ்ஞானம் படித்திருக்கிறோம். அந்தக் கேள்வியைக் கரோல் பாக் கடையில், சப்வூபர் பொருத்தப்பட்ட அன்றே, எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது புகையன்று, அந்த வெட்கம்.

இதைச் சொன்னவுடன் நம் விடுதியில் இரண்டு கட்சிகள் தோன்றின. "காரில் எதற்கடா இந்தப் பூகம்பம்? கழற்றி எறியுங்கள்" என்பது ஒரு கட்சி. "கடைக்காரன் நாளைக்குப் பத்துக் கார் பார்க்கிறான். அவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்பது மற்றொன்று. இரண்டும் எனக்கு உடன்பாடன்று.

முதற் கட்சியாருக்கு ஒரு வார்த்தை. தவிலின் தொப்பிப் பக்கம் எழுப்பும் முழக்கத்தை ஊர்த் திருவிழாவில் நெஞ்சுக் கூட்டில் உணர்ந்தவர்களே நாம் அனைவரும். இளையராஜாவின் பாட்டில் பாஸ் கிதார் தனியே ஒரு கதை சொல்லிக்கொண்டு போவதையும் அறிவோம். கார்க் கதவில் பதித்த ஐந்தாறு அங்குல ஸ்பீக்கர் அந்தத் தாழ்ந்த சுருதிகளை, நொடிக்கு 40, 50 அதிர்வு கொண்டவற்றை, எழுப்ப முயன்று தோற்றுப்போகிறது. அதற்குப் போதிய காற்றைத் தள்ளும் பரப்பு அதனிடம் இல்லை. பெரிய காகிதக் கூம்பும் அதற்கேற்ற பெட்டியும் வேண்டும். இது ஆடம்பரம் என்பீர்களாயின் ஆகட்டும், தவறன்று. ஊரை எழுப்புவது வேறு செய்தி. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி அமைதி மண்டலமென அறிவிக்கப்பட்ட இடங்களில் பகலில் 50, இரவில் 40 டெசிபெல்லே வரம்பு. கல்வி நிலையங்களின் சுற்றுப்புறம் அத்தகைய மண்டலத்துக்கு உரியது. விடுதி வாயிலில் நின்று குத்துப்பாட்டு முழக்குபவரை நான் ஆதரிக்கவில்லை.

இரண்டாம் கட்சியாருக்குத்தான் நீண்ட பதில் உண்டு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடுதியின் பின்புறம் அந்தக் காரை நிறுத்தி, இரவல் வாங்கிய மல்டிமீட்டர் ஒன்றோடு நாங்கள் கண்டதைச் சொல்கிறேன். நீங்களே தீர்ப்புக் கூறுங்கள்.

முதலில் வயர். பாட்டரி எஞ்சின் பக்கம், ஆம்ப்ளிபையர் டிக்கியில். இரண்டுக்கும் நடுவே சுமார் 5 மீட்டர் வயர் ஓடுகிறது. எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் இடையே உள்ள தகட்டுச் சுவரில் ஒரு துளை போட்டு அதன் வழியே உள்ளே நுழைத்திருந்தார்கள். துளையின் விளிம்பு பிளேடு போல் இருந்தது. விளிம்பைச் சுற்றி ரப்பர் வளையம் ஒன்று செருகியிருக்க வேண்டும்; கடையில் குரோமெட் என்று கேட்டால் கொடுப்பார்கள்; சில்லறைக் காசு. அது இல்லை. வண்டி குலுங்கக் குலுங்கத் தகடு வயரின் உறையை அறுத்திருக்கிறது. உறை அறுந்த இடத்தில் வயரின் உலோகம் காரின் உடலைத் தொட்டது. காரின் உடலோ பாட்டரியின் எதிர்முனையோடு சேர்ந்தது. பிறகு கேட்க வேண்டுமா?

இதைத்தான் ஷார்ட் சர்க்யூட் என்கிறோம். நம் பத்திரிகைகள் இதை "மின்கசிவு" என்று எழுதுகின்றன. அந்தச் சொல்லோடு எனக்கு நெடுநாள் வழக்கு. கசிவு என்றால் குழாயில் சொட்டுவது. இது கசிவன்று, கரை உடைந்த வெள்ளம். சிறிய காரின் பாட்டரிகூட எஞ்சினைக் கிளப்பும் நொடியில் 100 ஆம்பியருக்கு மேல் ஈய வல்லது. தடையின்றி வழி கிடைத்தால் பல நூறு ஆம்பியர் பாயும். 12 வோல்ட்தானே, தொட்டால்கூட அடிக்காதே என்று நாம் அலட்சியமாக இருக்கிறோம். நம்மை அடிப்பது வோல்ட்டாக இருக்கலாம். வயரைக் காய்ச்சுவது ஆம்பியர். எஞ்சினை நிறுத்தியும் புகை நிற்காததன் காரணமும் இப்போது விளங்கும். அந்த வயர் சாவியின் ஆட்சிக்கு உட்பட்டதன்று. பாட்டரியிலிருந்து நேரே வருகிறது. சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாலும், இரவு முழுவதும் அதில் மின்சாரம் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

ஆம்ப்ளிபையரைத் திறந்து பார்த்தோம். அதன் பக்கவாட்டில் 25 ஆம்பியர் பியூஸ்கள் இரண்டு இருந்தன. இரண்டும் பழுதின்றிப் பளபளத்தன! மின்பொறியியல் நண்பர் தலையில் அடித்துக்கொண்டார். பியூஸ் இருந்தது; ஆனால் வயரின் மறு கோடியில் இருந்தது. வெள்ளம் நடு வழியிலேயே கரை உடைத்துப் போனபோது, கடைமடைக் காவலாளிக்கு அது எப்படித் தெரியும்? பாட்டரிக்கு அடுத்து, 18 அங்குலத்துக்குள், இன்னொரு பியூஸ் இருக்க வேண்டும் என்பது இத்தொழிலின் பால பாடம். அந்தப் பியூஸ் ஆம்ப்ளிபையரைக் காப்பதற்கு அன்று, வயரைக் காப்பதற்கு. ஆகையால் அதன் அளவையும் வயர் தாங்கும் அளவை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும். "பெரிதாகவே போட்டுவிடு, அடிக்கடி போகாது" என்பது காவலாளியைத் தூங்கச் சொல்வதாகும்.

வயரைப் பற்றி இன்னும் ஒன்று. வெளியே பார்க்க விரல் பருமன். வெட்டுவாயைப் பார்த்தால் முக்காற்பங்கு உறை. நடுவே பென்சில் முனையளவு உலோகம். அதைச் சுரண்டியதும் செம்பின் சிவப்புப் போய் வெள்ளை தெரிந்தது. செம்பு முலாம் பூசிய அலுமினியம்! விரித்து அளந்ததில் 4 சதுர மில்லிமீட்டர் தேறிற்று. அலுமினியத்தின் தடை செம்பைவிட மிகுதி. ஆதலால் அது சற்றேறக்குறைய 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்குச் சமம். வீட்டில் ஏர்கண்டிஷனர் பிளக்குக்கு இழுக்கிறார்களே, அந்த அளவு.

இப்போது கணக்கு. 500 வாட் ஒலி தரும் நல்ல கிளாஸ்-டி ஆம்ப்ளிபையர், நூற்றுக்கு எண்பது திறனுடன் இயங்கினால், பாட்டரியிலிருந்து 625 வாட் உண்ணும். எஞ்சின் ஓடுகையில் மின்னழுத்தம் 13.8 வோல்ட் என்று கொண்டால், ஓடுவது 45 ஆம்பியர். எங்கள் 5 மீட்டர் வயரின் தடை 0.035 ஓம். அற்பம் என்று தோன்றுகிறதல்லவா? 45-ஐ 45-ஆல் பெருக்கி 0.035-ஆல் பெருக்குங்கள். 71 வாட் வெப்பம். ஆய்வகத்தில் நாம் ஈயம் உருக்கும் சாதாரணச் சால்டரிங் அயர்ன் 25 வாட். அத்தகைய மூன்றைக் கால்விரிப்பின் அடியில் நீள நெடுகப் புதைத்து வைத்துக்கொண்டு ரிங் ரோடில் ஊர்வலம் வந்திருக்கிறோம்! பாட்டு எந்நேரமும் முழு வீச்சில் ஒலிப்பதில்லை. ஆகவே சராசரி வெப்பம் இதைவிடக் குறைவே. ஆயினும் சூடேறி இளகிய உறையைத் தகடு அறுப்பது எளிதாயிற்று என்பதில் ஐயமில்லை. இதே வேலைக்கு 16 சதுர மில்லிமீட்டர் நல்ல செம்பு வயர் போட்டிருந்தால் வெப்பம் 11 வாட்டுக்குள் அடங்கும். வழியில் இழக்கும் மின்னழுத்தமும் 1.6 வோல்ட்டிலிருந்து கால் வோல்ட்டாகக் குறையும்.

அடுத்தது ஓம். இங்கேதான் சுவையான பகுதி. நம்மில் பலருக்கு ஓம் என்றதும் விபூதி நினைவுக்கு வரும். இந்த ஓம், கியோர்க் சைமன் ஓம் என்ற ஜெர்மானிய ஆசிரியரின் பெயர். கொலோன் நகரப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொண்டே ஆராய்ச்சி செய்து, 1827இல் அவர் வெளியிட்ட நூலை அந்நாட்டார் முதலில் பொருட்படுத்தவில்லை. 1841இல் லண்டன் ராயல் கழகம் பதக்கம் அளித்த பின்னரே மதிப்பு வந்தது. இருநூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. கரோல் பாக்கில் இன்னும் அவருக்கு மதிப்பு வரவில்லை.

எங்கள் சப்வூபர்கள் இரட்டைச் சுருள் வகை. ஒவ்வொன்றிலும் 4 ஓம் சுருள் இரண்டு. ஆக நான்கு சுருள்கள். இந்த நான்கையும் சமமாகச் சேர்க்கும் வழிகளில் ஆம்ப்ளிபையருக்குக் கிடைப்பவை மூன்றே அளவுகள். எல்லாவற்றையும் பக்க இணைப்பில் சேர்த்தால் 1 ஓம். எல்லாவற்றையும் தொடரிணைப்பில் கோத்தால் 16 ஓம். ஒவ்வொரு சப்வூபரின் இரு சுருள்களையும் தொடராகக் கோத்து 8 ஆக்கி, பிறகு அந்த இரண்டு எட்டுகளையும் பக்கமாகச் சேர்த்தால் 4 ஓம். முறையை மாற்றி, முதலில் பக்கமாகவும் பிறகு தொடராகவும் செய்தாலும் அதே 4 தான். வேறு வழி கிடையாது. 2 ஓம் வேண்டுமென்று தலைகீழாக நின்றாலும் இந்த நான்கு சுருள்களைக் கொண்டு அதைப் பெற முடியாது.

ஆம்ப்ளிபையரின் அடியில் அச்சிட்டிருந்தது என்ன? 4 ஓமில் 300 வாட். 2 ஓமில் 500 வாட். 2 ஓமுக்குக் கீழே கூடாது. கடையில் பொருத்தியவர் 1 ஓமில் சேர்த்திருந்தார். மீட்டரை வைத்தபோது முள் ஒன்றுக்கும் கீழே நின்றது. (4 ஓம் என்று எழுதிய சுருளை மீட்டரில் அளந்தால் மூன்றரைதான் காட்டும், எழுதியிருப்பது பெயரளவு, பாட்டின் சுருதிக்கு ஏற்ப அது மாறிக்கொண்டும் இருக்கும். அதைக் கண்டு கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.) ஓம் பாதியானால் அதே மின்னழுத்தத்தில் மின்னோட்டம் இரட்டிக்கும். ஆம்ப்ளிபையர் திணறும், கொதிக்கும், தன்னைக் காத்துக்கொள்ளச் சிவப்பு விளக்கை ஏற்றி அணைந்துவிடும். அந்தச் சிவப்பு விளக்கு எங்கள் டிக்கியில் அடிக்கடி எரிந்ததுண்டு. அலங்காரத்துக்கு என்று எண்ணி மகிழ்ந்தோம்.

இரு சானல் ஆம்ப்ளிபையரைப் பிரிட்ஜ் முறையில் ஒன்றாக்கி வைத்திருப்போர் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு சானலுக்கும் சுமையின் பாதிதான் தெரியும். 4 ஓம் சப்வூபரை மாட்டினால் சானலுக்கு 2 ஓம். 2 ஓமை மாட்டினால் 1 ஓம். பெரும்பாலானவற்றுக்குப் பிரிட்ஜில் 4 ஓமே எல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விந்தை கண்டோம். 1.5 வோல்ட் டார்ச் செல் ஒன்றை எடுத்து, அதன் நேர்முனையைச் சப்வூபரின் நேர்முனையிலும் எதிர்முனையை எதிர்முனையிலும் ஒரு கணம் தொட்டால், கூம்பு முன்னோக்கித் துள்ள வேண்டும். ஆம்ப்ளிபையரிலிருந்து வந்த வயரின் நுனிகளில் இதைச் செய்தபோது, இடப் பக்கத்துக் கூம்பு வெளியே வந்தது. வலப் பக்கத்துக் கூம்பு உள்ளே போனது! ஒன்றின் வயரை நேர் எதிராக மாட்டியிருந்தார்கள். ஒன்று காற்றைத் தள்ள, மற்றது அதே காற்றை இழுக்க, இரண்டும் சேர்ந்து எழுப்பிய முழக்கம் ஒன்றையொன்று தின்றுவிட்டது. அம்மியை இருவர் எதிரெதிரே இழுத்த கதை.

இப்போது பழைய சங்கதிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பொருத்திய அன்றே அண்ணாச்சி, "முழக்கம் பத்தலையே" என்று குறை சொன்னார். "புதுச் சரக்கு, நாளாக நாளாகத் திறக்கும்" என்று கடையில் சமாதானம் சொன்னார்கள். மறு வாரமும் போனார். கெயின் திருகியை முழுவதும் முறுக்கி, சுருள்களையும் 1 ஓமுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு நுனிகளை மாற்றி மாட்டினால் தீர்ந்திருக்க வேண்டிய குறைக்காக, ஓம் குறைந்தது, ஆம்பியர் ஏறிற்று, வயர் சூடேறிற்று, உறை இளகிற்று, தகடு அறுத்தது. நல்ல வேளை, மடியில் பொங்கலோடு தப்பினோம்.

"இனி 4 ஓம்தான் என்றால் 300 வாட்தானே வரும்? 500 போயிற்றே!" என்று பொருளாதார நண்பர் துக்கப்பட்டார். அவருக்காக இன்னொரு கணக்கு. காது வாட்டைக் கூட்டிக் கழித்துக் கேட்பதில்லை. வாட் இரட்டித்தால் 3 டெசிபெல் கூடும்; கேட்பவருக்குச் "சற்று அதிகம்" என்று தோன்றும், அவ்வளவே. இரு மடங்கு முழக்கம் என்று காது ஒப்புக்கொள்ளச் சுமார் 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். 300க்கும் 500க்கும் உள்ள வேறுபாடு 2.2 டெசிபெல். இந்த 2.2 டெசிபெல்லுக்காகத்தான் 1 ஓம் வரை இறங்குகிறார்கள். ஆம்ப்ளிபையரைக் கொதிக்க வைக்கிறார்கள். என் கருத்து வெளிப்படையானது: ஆம்ப்ளிபையர் தாங்கும் கடைசி எல்லை வரை ஓமைக் குறைப்பது மூடத்தனம். ஒரு படி மேலே நிறுத்துங்கள். கட்டாயம் 500 வாட் வேண்டும் என்போர் அதைப் பணம் கொடுப்பதற்கு முன்னரே முடிவு செய்ய வேண்டும். அந்த ஆம்ப்ளிபையருக்கு 2 ஓம் இரட்டைச் சுருள் சப்வூபர் இரண்டு வாங்கியிருந்தால், தொடரும் பக்கமுமாக இணைத்து 2 ஓம் பெற்றிருக்கலாம். அல்லது 4 ஓம் இரட்டைச் சுருள் ஒன்றே போதும்; அதன் இரு சுருள்களைப் பக்கமாகச் சேர்த்தால் 2 ஓம்; டிக்கியில் பானைக்கும் இடம் கிடைக்கும். நாங்களோ இரண்டு வாங்கினால் தள்ளுபடி என்றதும் வாங்கினோம்.

அந்த ஞாயிறு மாலைக்குள் 4 ஓமாக மாற்றி, நுனிகளைச் சரிசெய்தோம். மீட்டர் மூன்றரை காட்டியது. தரை வயரைப் பெயிண்ட் சுரண்டிய வெறும் தகட்டில், அரை மீட்டருக்குள், போல்ட்டு போட்டு இறுக்கினோம். முன்பு அது பெயிண்ட்டின் மேலேயே அமர்ந்திருந்தது. எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப ஸ்பீக்கரில் கேட்ட ஊளைச் சத்தமும் அதோடு ஒழிந்தது. கெயின் திருகி முழக்கத்தைக் கூட்டும் திருகியன்று. ஸ்டீரியோ அனுப்பும் அளவுக்கு ஆம்ப்ளிபையரை இசைவிக்கும் திருகி. சப்வூபரைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவை முக்கால் அளவில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் ஒற்றைச் சுருதியை ஓடவிட்டு, வெளிமுனையில் மீட்டரை வைத்தோம். 300-ஐ 4-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 34.6, அந்த வோல்ட் வந்த இடத்தில் திருகியை நிறுத்தினோம். பாதிக்கும் கீழே நின்றது! அன்று மாலை அண்ணாச்சி ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இவ்வளவு நாளும் இது எங்கடே போயிருந்துச்சு?" என்றார். பாட்டரியோடு தற்காலிகமாகச் சேர்த்துக் கேட்டதுதான், உடனே கழற்றிவிட்டோம். புதிய வயரும் பியூஸும் இன்னும் வாங்கவில்லை.

அவற்றை வாங்க அதே கடைக்குத்தான் சென்றோம். சண்டையிட வேண்டும் என்று உள்ளூர உறுதி செய்துகொண்டே சென்றோம் என்பதை மறைக்கமாட்டேன். வெட்டுண்ட வயரை மேஜைமேல் வைத்து, "பியூஸ் எங்கே?" என்று ஆட்டோக்காரர் கேட்ட அதே தொனியில் அண்ணாச்சி கேட்டார். பொருத்திய இளைஞர் எங்கள் வயதினர்தாம். அவர் கோபப்படவில்லை, மறுக்கவும் இல்லை. "நான் முதலில் சொன்ன விலையில் செம்பு வயரும் பியூஸும் இருந்தன. நீங்கள் 700 ரூபாய் குறைக்கச் சொன்னீர்கள். முதலாளி அதை எதிலே குறைப்பார்? சப்வூபரிலா?" என்றார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பேரம் பேசியவன் நான். விடுதிக்குத் திரும்பிய அன்று அதை வெற்றிக் கதையாக மேசை மேசையாகச் சொன்னவனும் நானே.

அவர் செய்தது சரி என்று நான் வாதாட வரவில்லை. பியூஸைக் குறைத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ஓமும் நுனி மாறியதும் பேரத்தால் வந்தவை அல்ல. அவர் அறியாமையால் வந்தவை. ஆனால் அவருக்கு அவற்றைக் கற்றுக்கொடுத்தவர் யார்? பள்ளியை நடுவில் விட்டுக் கடைக்கு வந்தவர் அவர். பன்னிரண்டாம் வகுப்பில் தொடரிணைப்பு, பக்க இணைப்பு என்று பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நாங்கள். நான்கு சுருளையும் சேர்த்தால் எத்தனை ஓம் என்று கடையில் நின்று அரை நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். ஆம்ப்ளிபையரின் அடியில் அச்சிட்டதைக் குனிந்து படித்திருக்கலாம். கேட்காதது எங்கள் குற்றம். நம் சங்கம் ஆண்டுக்கு ஒரு பட்டிமன்றமும் ஒரு கவியரங்கமும் தவறாமல் நடத்துகிறது. ஒரு ஞாயிறு பிற்பகல், ஒரு பழைய பாட்டரி, ஒரு மீட்டர், ஒரு ஸ்பீக்கர் இவற்றை வைத்து, கலைப் பிரிவினரையும் அழைத்து, இதைச் செய்து காட்டலாகாதா? செயலாளர் இசைந்தால் செல்லும் சுருளும் நான் கொண்டுவருகிறேன்.

அன்று 16 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும், 50 ஆம்பியர் பியூஸும், இரண்டு குரோமெட்டும் வாங்கினோம். பேரம் பேசவில்லை. அந்த இளைஞரே விடுதிக்கு வந்து, பாட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பியூஸை வைத்துப் பொருத்தினார். டார்ச் செல் வித்தையை அவருக்குக் காட்டினோம். இரண்டு மூன்று முறை செய்து பார்த்துவிட்டு, செல்லைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நம் வளாகத்துத் தமிழ் மாணவரிடம் டிக்கியில் பெட்டி வைத்த கார்கள் இன்னும் இரண்டு உண்டு. அண்ணாச்சி போன வாரம் இரண்டின் பானட்டையும் திறந்து பார்த்தார். ஒன்றில் பியூஸ் இருக்கிறது. மற்றதில் இல்லை. அதன் சொந்தக்காரர் நல்லவர். குறிப்பறிந்து சிரித்துக்கொண்டே, "பரீட்சை முடியட்டும் அண்ணாச்சி, மாத்திடலாம்" என்கிறார். பரீட்சை மே மாதம்.